கொஞ்சாத டீச்சர்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால், கரும்பு வெட்டும் வீடுகளில் அப்பா அம்மா விடியும் முன்னே கிளம்பிவிடுவார்கள். சாப்பிடாமல், தலை வாராமல் வரும் பையன் முதல் பீரியடிலேயே பக்கத்தில் இருப்பவனை அடிப்பான். ‘அடங்காதவன்’ என்று பெயர் வாங்குவதும் அவன்தான்.

அவன் கணக்கு டீச்சரிடம் மட்டும் அடங்குவான். அவர் கொஞ்சுகிறவர் இல்லை, சிரிப்பதே அபூர்வம். ஆனால் நேற்றைய சண்டையை இன்றைக்கு இழுக்க மாட்டார். நோட்டைக் கிழித்தானா, பேசாமல் வேறு தாளை வைத்து, "மூணாவது கணக்குல விட்டுட்ட பாரு" என்பார். அவ்வளவுதான்.

கலகலப்பான சாரிடம்தான் இவன் அதிகம் முறைக்கிறான். இன்றைக்குத் தோளில் கை, நாளைக்கு எல்லோர் முன்னாலும் நக்கல் என்றால் பிள்ளை எதை நம்புவான்? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. பிரம்பு ஒளிந்துகொண்டது, நக்கலுக்கு இன்னும் கைதட்டல்.

‘டோட்டோ-சான்’ புத்தகத்தில் வரும் சிறுமியை முதல் பள்ளி வெளியேற்றியது. அடுத்த பள்ளியின் தலைமை ஆசிரியர் கோபயாஷி மணிக்கணக்கில் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்டார். நமக்கு அவ்வளவு நேரம் ஏது! கணக்கு டீச்சருக்கும் இல்லை; ஆனாலும் அவரிடம் அவன் அடங்குகிறான்.

அடுத்த வருஷம் அவன் வகுப்பு யாருக்கு என்று இப்போதே ஹெச்.எம்.மிடம் பேசி வைக்கணும்.