ஆடியில் விதைத்து, கார்த்திகையில் சுடுவது

அண்ணனூர், ஆவடி, அம்பத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மான் என்றால் கிண்டிதான். சென்னை நகரத்துக்கு நடுவே சுமார் 270 ஹெக்டேர் காடு. உள்ளே புள்ளிமானும் வெளிமானும். மானைச் சுட்டால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. கார்த் தொழில் வழியே அங்கிருந்து மிச்சிகனுக்குக் குடிவந்தவர்கள், இங்கே நிலம் வைத்திருப்பவர்கள் மானுக்கென்றே பயிர் விதைத்து, நவம்பர் 15ஆம் தேதி துப்பாக்கியோடு காத்திருந்து அதே மானைச் சுடுவதைப் பார்க்கும்போது மனம் ஒப்புவதில்லை. சோறு போட்டுக் கழுத்தறுக்கும் வேலை என்றுதான் தோன்றும். அந்த ஒவ்வாமை நியாயமானது. ஆனாலும் எல்லா விதைப்பையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது என் கருத்து. மானை வரவழைக்கும் பயிர் வேறு, தங்கவைக்கும் பயிர் வேறு. எதை விதைத்திருக்கிறார் என்று பார்த்தாலே நிலத்துக்காரரின் எண்ணம் விளங்கிவிடும்.

வரவழைப்பது எளிது. டர்னிப், முள்ளங்கி வகைகளை ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டு தொடக்கத்திலோ தூவினால் போதும். நம் ஆடிப்பட்டம் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. உறைபனி விழுந்ததும் இந்த இலைகளில் சர்க்கரை கூடும், அதுவரை முகர்ந்துவிட்டுப் போன மான்களும் மேய வரும். ஓட்ஸ் இன்னும் விரைவு, சில வாரங்களிலேயே இளந்தளிர் கிடைக்கும். ஆனால் கடுங்குளிர் தொட்டதும் ஓட்ஸ் வெளுத்துச் சாய்ந்துவிடும். வேட்டைப் பருவம் வரைக்கும்தான் அதற்கு ஆயுள். ஓக் மரங்கள் நன்றாகக் காய்த்த ஆண்டில் இவற்றை மான் ஏறெடுத்தும் பார்க்காது. கொட்டை உதிரும் மரத்தடியைத் தேடிப் போய்விடும். தங்கவைக்க வேண்டுமானால் தொடர்ச்சி வேண்டும். ஆவணியில் விதைக்கிற ரை உறைநிலையை ஒட்டிய குளிரிலும் முளைக்கும், பனிக்கு அடியில் உயிரோடு கிடந்து மார்ச்சில் மறுபடி பச்சை கட்டும். அதோடு வெண்க்ளோவர் சேர்த்தால் பல ஆண்டுகளுக்குப் புரதம் கிடைக்கும், வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். ஆனால் அமில மண்ணில் க்ளோவர் தேறாது. மண்ணைச் சோதித்து, சுண்ணாம்பு இட்டு, அது மண்ணோடு சேர மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். ஒரு நவம்பருக்காக யாரும் இந்தப் பாடுபட மாட்டார்கள். பக்கத்திலேயே புதரும் ஊசியிலை மரங்களும் பதுங்க இடம் தராவிட்டால் எந்தப் பயிரும் வீண்தான். மான் இருட்டில் வந்து மேய்ந்துவிட்டு விடியுமுன் போய்விடும்.

பயிரும் ஒரு பொறிதானே, மக்காச்சோளத்தைக் குவித்து வைப்பதிலிருந்து இது எப்படி வேறு என்று கேட்கலாம். மிச்சிகன் அரசு இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. மான்களை மெலிந்து சாகவைக்கும் தீராத மூளை நோய் இங்கே காட்டு மானிடம் 2015இல் கண்டறியப்பட்டது. எச்சில், சிறுநீர் வழியே பரவி மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும் நோய் அது. 2019இல் மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில் தீனி கொட்டத் தடை வந்தபோது, நட்டு வளர்த்த பயிருக்குத் தடை போடவில்லை. குவியலில் பல மான்கள் ஒரே இடத்தில் வாய் வைக்கும். பரந்த பயிரில் பிரிந்து மேயும். குளிர்காலத்தில் சுள்ளியும் மொட்டும் தின்று பழகிய இரைப்பையில் திடீரென தானியம் விழுந்தால் அமிலம் கூடி மான் சாகவும் கூடும். பயிரிலும் நோய் பரவலாம் என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் குறுகிய ஒரே பாத்தியைவிட, தள்ளித் தள்ளிச் சில துண்டுகளில் விதைப்பது மேல்.

காட்டை அதன் போக்கில் விடுவதுதான் கருணை என்பது இதைவிட வலுவான எதிர்வாதம். ஆனால் கீழ்த் தீபகற்பத்தில் ஓநாய்களை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மனிதர்கள் ஒழித்துவிட்டார்கள். மாநிலத்தில் ஆண்டுதோறும் 50,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் மான் மீது மோதுகின்றன. மான் பெருகிய காட்டில் ஓக், சிடார் கன்றுகள் தலையெடுப்பதில்லை. சுடுவதை நிறுத்தினால் மான் பட்டினியிலும் சாலையிலும் சாகும். சென்னையில் வேட்டையே இல்லை. ஆனாலும் பிளாஸ்டிக் தின்றும் நாய்க்கடிபட்டும் மான்கள் சாகின்றன. வெளிமானுக்கு வேண்டிய திறந்த புல்வெளி புதர் மண்டிச் சுருங்கியதும் அங்கே நடந்ததுதான். ஆக, இரண்டு ஊரிலும் மானின் தீனியை மனிதன்தான் தீர்மானிக்கிறான். ரையும் க்ளோவரும் விதைத்தவருடைய நிலத்தில், துப்பாக்கிப் பருவம் நவம்பர் 30இல் முடிந்த பிறகும், தப்பிய பெண் மானுக்கு மேய்ச்சல் இருக்கும். குட்டி சுமக்கும் மார்ச்சிலும் இருக்கும். ஓட்ஸ் மட்டும் விதைத்தவருடைய நிலம் அதற்குள் வெறும் தரையாகியிருக்கும்.