அந்நிய மண்ணில் ஓர் உண்டியல்

 

ஸகாத் பெறத் தகுதியுடையோரை எட்டு வகையினராகத் திருக்குர்ஆன் வரையறுத்துள்ளதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் இறுதியாக இடம்பெறுபவர் 'இப்னுஸ் ஸபீல்' எனும் வழிப்போக்கர். சொந்த ஊரில் வசதி படைத்தவராயினும், வந்த இடத்தில் கைப்பொருள் இழந்து நிற்பாரானால் அவருக்கும் ஸகாத்தில் பங்குண்டு என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் பாலைவனத்தையும் ஒட்டகத்தையுமே நினைத்துக் கொள்கிறார்கள். நானோ அவர்களை இலண்டன் மாநகருக்கு அழைத்துச் செல்வது வழக்கம்.

1603ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எலிசபெத் அரசியார் வாரிசின்றி மறைந்தார். ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் அந்நாட்டுக்கும் அரசரானார். அவரைப் பின்பற்றிப் பிரபுக்களும் வணிகர்களும், பிழைப்பு நாடிய எளியோரும் இலண்டன் வந்து சேர்ந்தனர். அரசர் ஒருவரே, ஆயினும் நாடுகள் இரண்டு, சட்டங்களும் இரண்டு. 1601ஆம் ஆண்டின் ஆங்கிலேய ஏழையர் சட்டப்படி, 'பாரிஷ்' எனப்படும் ஒவ்வொரு தேவாலய வட்டாரமும் தன் ஏழைகளைத் தானே பராமரிக்க வேண்டும். நம் ஊர் ஜமாஅத் தன் மஹல்லாவாசிகளைக் கவனிப்பது போன்ற ஏற்பாடுதான் அது. அப்படியானால், எந்த வட்டாரத்திலும் உரிமை பெறாத ஸ்காட்டியக் கூலியாள் நோயில் விழுந்தால் யாரிடம் செல்வான்?

இந்த இடைவெளியை நிரப்பவே 1611ஆம் ஆண்டில் இலண்டன் வாழ் ஸ்காட்டியர் சிலர் ஓர் உண்டியல் வைத்தனர். 'ஸ்காட்ஸ் பாக்ஸ்' என்பது அதன் பெயர். வருவாய் உள்ளோர் அதில் காசு இட்டனர். தம் நாட்டவருள் நலிந்தோருக்கு அது கைகொடுத்தது. 1665இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அதற்கு அரச சாசனம் வழங்கினார். 1673இல் பிளாக்ஃப்ரையர்ஸ் பகுதியில் அவர்களுக்கென ஓர் இல்லமும் எழுந்தது. ஆனால் ஒரு கட்டடத்துக்குள் சிலரைத் தங்க வைப்பதைவிட, அவரவர் வீட்டிலேயே உதவி சேர்ப்பது மேலானது என அனுபவம் உணர்த்தியது, அவ்வழியையே கைக்கொண்டனர். அந்த உண்டியலின் வழிவந்த அறநிலையம் 'ஸ்காட்ஸ்கேர்' என்ற பெயரில் இன்றும் இலண்டனில் பணியாற்றுகிறது.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1650இல் டன்பாரிலும் 1651இல் வூஸ்டரிலும் நடந்த போர்களில் சிறைப்பட்ட ஸ்காட்டியப் போர்வீரர் பலர், கப்பலேற்றி நியூ இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, ஆண்டுக் கணக்கில் கட்டாய உழைப்புக்கு ஆளாயினர். அக்காலத்தில்தான், 1657இல், பாஸ்டன் நகரில் ஸ்காட்டியர் அறச் சங்கம் தோன்றியது.

இதனைக் கேட்கும் மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் எழும்: "உஸ்தாத்! தன் இனத்தாருக்கு மட்டும் உதவுவது அஸபிய்யத் ஆகாதா?"

நியாயமான கேள்வி. தன் கூட்டத்தாரின் அநீதிக்குத் துணை நிற்பதே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த இனவெறி. வேறு யாரும் ஏற்காத ஒருவரை அவருடைய மக்கள் ஏற்பதோ கடமை. அந்த உண்டியல் பிறர் உரிமை எதனையும் பறிக்கவில்லை. சட்டம் கைவிட்டவரைத் தாங்கியது. எனினும் அதனினும் உயர்ந்த படி ஒன்றுண்டு. கி.பி. 622இல் மதீனத்து அன்ஸாரிகள், தம் குலத்தவரல்லாத மக்கத்து முஹாஜிர்களைச் சகோதரர்களாக ஏற்றுத் தம் இல்லங்களில் இடமளித்தார்கள். தன்னவரில் தொடங்குவது இயல்பு. தன்னவரோடு நின்றுவிடாமை ஈமானின் அழகு.

வளைகுடாவில் மகனையோ கணவரையோ விட்டுப் பிரிந்திருக்கும் தாய்மார்களே! அவர் காய்ச்சலில் கிடந்தால் யார் கஞ்சி கொடுப்பார் என்று ஏங்கியிருப்பீர்கள். உங்கள் தெருவில் கட்டடம் கட்ட வந்திருக்கும் பீகார் இளைஞனுக்காகவும் எங்கோ ஒரு தாய் அப்படித்தான் ஏங்குகிறாள். ஊரில் அவனுக்கு வீடும் நிலமும் இருக்கலாம்; இங்கே அவன் வழிப்போக்கன். ஸகாத்துக்கு ஃபிக்ஹ் விதிகள் உண்டு. ஸதக்காவின் கதவோ எல்லோருக்கும் திறந்தது. நம் மஹல்லாவின் ஸதக்கா உண்டியலில் அவனுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவோம். அவன் வந்து கேட்கும்வரை காத்திராமல், அவன் தங்கியிருக்கும் இடத்துக்கே கொண்டு சேர்ப்போம்.

அந்நிய மண்ணில் வாடும் அனைவருக்கும் அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.