உயிருள்ள எழுத்துகள்

சென்ற ஆண்டு, எமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் ஹைபா நகரிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். கார்மேல் மலைச்சரிவிலே படிப்படியாய் எழும் பூங்காக்களின் படம் அது. "ஐயா, இவை எழுத்துகளை நினைந்து அமைத்தவையாம், தங்கள் நினைவு வந்தது" என்றொரு குறிப்பும் இருந்தது. பூங்காவுக்கும் எழுத்துக்கும் யாது தொடர்பு என ஆராயப் புகுந்தேன்.

1844 ஆம் ஆண்டு பாரசீகத்திலே பாப் என்னும் பெருமகனார் ஒரு புதுநெறியை வெளியிட்டார். அவரை முதன்முதல் ஏற்றோர் பதினெண்மர். அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. 'உயிருள்ளவன்' எனப் பொருள்படும் 'ஹய்' என்னுஞ் சொல்லின் மதிப்பு 18. ஆதலின் அவர்கள் 'உயிருள்ளவனின் எழுத்துகள்' எனப் பெயர் பெற்றனர். அவருள் ஒருவரான தாஹிரே அம்மையார், தம் ஆசானை ஒருநாளும் நேரிற் கண்டவரல்லர்.

மாக்குச் சிறையிலே இரவில் ஒரு விளக்கும் இன்றி வாடிய பாப், 1850 இல் தப்ரீஸ் நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தம் திருவுடல் 1909 இல் கார்மேலில் அடக்கஞ் செய்யப்பெற்றது. கட்டடக் கலைஞர் ஃபரிபோர்ஸ் ஸஹ்பா வகுத்த 19 படித்தளங்கள் 2001 இல் திறக்கப்பட்டன. மேலே ஒன்பது, கீழே ஒன்பது, நடுவே அடக்கத்தலம். அப்பதினெட்டும் அம்மாணாக்கரைக் குறிப்பன. யாவும் அத்தலத்தையே மையமாகக் கொண்டு வளைந்து நிற்பன. படிகளின் மருங்கிலே நீர் சலசலத்து இறங்குகின்றது. ஒரு விளக்கும் இல்லாதிருந்தவரின் மலை, இன்று இரவுதோறும் ஒளிமயமாய்த் திகழ்கின்றது.

பதினெட்டு என்றதும் தமிழாசிரியனுக்கு மெய்யெழுத்தே நினைவில் எழும். உயிர் சேர்ந்தாலன்றி மெய் இயங்காது என்று ஆண்டுதோறும் கற்பித்து வந்தேன். ஆயின், மாணாக்கரே எழுத்துகள் என்று ஒருகாலும் எண்ணினேனல்லேன்.

அன்றிரவு, 2003 இல் யான் முதன்முதற் பொறுப்பேற்ற வகுப்பின் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொரு பெயர்கள். படம் அனுப்பியவர் பெயரும் அதில் உண்டு. பலர் கடல் கடந்தனர். சிலர் இவ்வூரிலேயே உளர். மூவரைப் பற்றி மட்டும் 2009 இற்குப் பின் ஒரு செய்தியும் இல்லை. அவருள் ஒருவனை, றகர ரகரம் மயங்கி எழுதியமைக்காக வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அவன் முகம் நினைவிருக்கின்றது. அவனிடம் ஒரு நல்ல சொல் கூறியதாக நினைவில்லை.

மலையைப் பூங்காவாக்கும் வலிமை எமக்கில்லை. எனினும், நேரிற் காணாதவரையும் எழுத்தாக எண்ணிய அந்நெறி எமக்கும் பொருந்தும். 2003 இல் எட்டாம் வகுப்பிற் பயின்றோர் இவ்விதழைக் காண்பாராயின், அம்மூவரைப் பற்றித் தாம் அறிந்ததைக் கல்லூரி முகவரிக்கு ஒரு வரி எழுதுவாராக. பட்டியலிலே அவர்களுடைய பெயர்களை யான் இன்னும் அடிக்கவில்லை.