மணிலாவின் நீண்ட டிசம்பர்

மணிலாவில் கிறிஸ்துமஸ் செப்டம்பர் 1-ஆம் தேதியே தொடங்கிவிடும். ஆங்கில மாதப் பெயர்களில் 'பெர்' என்று முடியும் நான்கு மாதங்களும் அங்கே பண்டிகைக் காலம். பேரங்காடிகளில் ஹோசே மாரி சானின் குரல் கேட்க ஆரம்பித்தால் ஊரே சிரித்துக்கொண்டு தயாராகிவிடுகிறது. வானொலியில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு முதலில் காதில் விழுந்தது அதுதான். நம் ஊரில் தீபாவளிப் பாட்டை மூன்று வாரத்துக்கு முன்னால் போட்டாலே, "இப்பவேவா மேடம்?" என்று நேயர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுவார்கள்.

நான் போனது டிசம்பர் நடுவில். பெரியம்மா மகள் அக்கா, கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், ஆறு வருடமாக மக்காத்தியில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். அத்தானும் ஏழு வயது மகனும் உடன். ஒன்பது நாள் அவர்கள் வீட்டில் தங்கினேன். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலையில் நடக்கும் சிம்பாங் காபி பூசைக்கு ஒரு நாள் போனோம். தேவாலய வாசலில் மூங்கில் குழாயில் வேகவைத்த ஊதா நிறப் புட்டு விற்கிறார்கள், பெயர் புத்தோ பும்போங். மேலே வெண்ணெயும் தேங்காய்த்துருவலும். நம் குழாய்ப்புட்டுக்குச் சாயம் போட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசலில்தான் பிள்ளைகளும் நின்றார்கள். சோடா மூடிகளைத் தட்டையாக்கிக் கம்பியில் கோத்த ஜால்ரா, பால் டின்னில் செய்த மேளம், "நமமாஸ்கோ போ!" என்ற கூவல். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிப் பரிசு கேட்க வந்திருக்கிறோம் என்று பொருள். அது பிச்சை இல்லை, அந்த ஊர் வழக்கம். கிறிஸ்துமஸ் அன்று ஞானப்பிள்ளைகள் ஞானப்பெற்றோர் வீட்டுக்குப் போய் 'அகினால்டோ' வாங்குவார்கள். அதற்குப் பயந்து ஒளிந்துகொள்ளும் ஞானப்பெற்றோரைப் பற்றி அங்கே ஆயிரம் நகைச்சுவை. ஆனால் பாட்டுப் பாடிக் காசு வாங்கும் பிள்ளைக்கும், பாட்டே இல்லாமல் கை நீட்டும் பிள்ளைக்கும் நடுவில் கோடு எங்கே என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சுத்தமாகப் புரிவதில்லை.

ஏன் டிசம்பரில் இவ்வளவு கூட்டம் என்பதற்குக் காரணம் எளிது. பிலிப்பீன்ஸில் ஊழியர்களுக்குப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் 1975-இலிருந்து சட்டம். டிசம்பர் 24-க்குள் கொடுத்தாக வேண்டும். ஊரில் எல்லார் பையிலும் ஒரே நேரத்தில் பணம் இருக்கிறது. அது மாகாணங்களில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

அக்கா வசிக்கும் அடுக்ககத்தில் பாதிப் பேர் வெளிநாட்டவர். குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் நான் போய்ச் சேர்ந்த அன்றே நிர்வாகத்தின் அறிவிப்பு வந்திருந்தது: வாசலிலும் நடைபாதையிலும் பிச்சை போடாதீர்கள், அது சட்டவிரோதம். நான் நம்பவில்லை. உண்மைதான். 1978-இல் மார்கோஸ் காலத்தில் போட்ட ஆணை இன்னும் உயிரோடு இருக்கிறது. பிச்சை எடுப்பவருக்கு 500 பெசோ வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, இல்லையென்றால் இரண்டும். தெருவில் பிச்சை போடுகிறவருக்கு 20 பெசோ வரை அபராதம். 20 பெசோ நம் கணக்கில் இரண்டு வெள்ளிகூட வராது.

அந்த ஒரு அறிவிப்பால் குழுவில் இரண்டு நாள் சண்டை.

மூன்றாம் மாடியில் ஒரு டச்சுப் பெரியவர், வேலை ஓய்வுக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். சட்டைப் பையில் 20 பெசோ தாள்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு காலை நடைக்குப் போவார். "பிள்ளைக்கு இருபது, அரசாங்கம் கேட்டால் அதற்கும் இருபது, மொத்தம் நாற்பது, எனக்குக் கட்டுபடியாகும்" என்று குழுவில் எழுதியிருந்தார். இத்தனை வருடத்தில் அந்த இரண்டாவது இருபதை யாரும் வந்து கேட்கவில்லையாம்.

எதிர்வீட்டுக் கொரியப் பெண் பணமே தரமாட்டார். பிஸ்கட், பால் பெட்டி. அவருக்குக் காரணம் இருந்தது: தெருப் பிள்ளைகள் சிலர் காலணி ஒட்டும் பசையைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முகர்வதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். மணிலாவில் அந்தப் பசைக்கு 'ரக்பி' என்று பெயர். பசியை மறக்கவைக்கும் என்று முகர்கிறார்கள். பணம் அங்கே போய்விடும் என்ற பயம் பொய்யான பயம் இல்லை. ஆனால் ஒருநாள் ஒரு சிறுமி பாலை வாங்கிக்கொண்டு, "அரிசி இருக்கா?" என்று கேட்டதும் இவருக்குக் கோபம் வந்துவிட்டதாம். அதை அவரே எங்களிடம் சொன்னார். "எனக்கு ஏன் கோபம் வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எனக்கு அதிகம் பேசக் கிடைத்தவர் பதினோராம் மாடிச் சென்னைப் பொறியாளர். தமிழ் கேட்டதும் மின்தூக்கியிலேயே நட்பானார். "நீங்க மலேசியா, தப்பிச்சீங்க. என்னைப் பார்த்தா 'பும்பாய்'ங்கிறாங்க" என்றார். பிலிப்பீன்ஸில் இந்திய முகம் எதுவானாலும் பும்பாய்தான். மோட்டார் சைக்கிளில் வந்து ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் வட்டிக்காரர்கள், 'ஃபைவ்-சிக்ஸ்' தொழில், பெரும்பாலும் பஞ்சாபிகள். சேட்டை செய்யும் குழந்தையிடம் 'பும்பாய் பிடிச்சிட்டுப் போயிடுவான்' என்று மிரட்டுவார்களாம், நம் வீடுகளில் பூச்சாண்டி வருகிற இடத்தில். "நான் காசு கொடுத்தா அந்தம்மா பயந்து போய்த் திருப்பி எப்ப தரணும்னு கேட்டாங்கக்கா. கொடுக்கலைன்னா கஞ்சன். எனக்கு எது செய்தாலும் ஒரு பேரு ரெடியா இருக்கு." அவர் தெருவில் எதுவும் தருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாக்கோவில் யுனைடெட் நேஷன்ஸ் அவென்யூவிலுள்ள குருத்வாராவுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிறார். இவர் சீக்கியரும் இல்லை. அங்கே உட்காருகிற யாருக்கும் சாப்பாடு உண்டு, யாரென்று கேட்பதில்லை, அதனால் பிடித்திருக்கிறது என்றார்.

உள்ளூர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள்? அக்கா வீட்டில் உதவிக்கு வரும் அம்மாவுடன் கடைக்குப் போனபோது கவனித்தேன். கை நீட்டியவரைப் பார்த்துத் தலையைச் சற்றே தாழ்த்தி, "பதாவாட் போ" என்றார். இதன் நேர்ப்பொருள் 'மன்னியுங்கள்'. 'போ' என்பது நம் 'ங்க' மாதிரி மரியாதை விகுதி. அவ்வளவுதான், கேட்டவரும் நகர்ந்துவிட்டார். என் பாட்டி கிள்ளான் தோட்ட வீட்டில் இப்படித்தான். வாசலில் வந்தவரிடம் 'இல்லை' என்று ஒருநாளும் சொன்னதில்லை, 'போயிட்டு வாப்பா' என்பார். இல்லை என்ற சொல்லை வீட்டுக்குள் விடக்கூடாது என்பது அவர் கணக்கு. திருவள்ளுவரே 'இரவு' என்று ஓர் அதிகாரம் வைத்து, அடுத்ததாகவே 'இரவச்சம்' வைத்தவர். கேட்கலாமா கூடாதா என்பதில் நமக்கு மட்டும் எப்படி ஒரே பதில் இருக்கும்?

வெளிநாட்டவர் யாருக்கும் அந்த 'பதாவாட்' வருவதில்லை. கைப்பேசியைப் பார்க்கிறோம், கண்ணாடியை ஏற்றுகிறோம். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார். ஏழு வயதுப் பையன்தான் தினமும், "ஏம்மா அந்த அண்ணா செருப்பு போடல?" என்று கேட்டுக்கொண்டே வருவான்.

டிசம்பர் 20-க்கு முந்தைய நாள் புவெந்தியா சாலையில் ஜீப்னியில் போய்க்கொண்டிருந்தோம். சிக்னலில் ஒரு பெண் ஏறினாள், முதுகில் துணியில் கட்டிய குழந்தை. கூடவே ஒரு சிறுவன், பிளாஸ்டிக் குழாயில் ரப்பர் கட்டிய மேளத்துடன். பயணிகளின் மடியில் ஆளுக்கொரு சின்ன உறை வைத்தாள், நம் அங்பாவ் உறை மாதிரிதான். பையன் தட்ட, அவள் ஏதோ பாடினாள். இவர்களை மணிலாவில் எல்லாருக்கும் தெரியும்: பஜாவ், தெற்கே சூலுக் கடலில் படகிலும் தண்ணீர் மேல் கட்டிய வீட்டிலும் வாழ்ந்த மக்கள். மூச்சடக்கி ஆழத்துக்கு முங்கிப் பழகியவர்கள்; இந்தோனேசியப் பஜாவ் மக்களின் மண்ணீரல் அண்டை ஊர்க்காரர்களுடையதைவிடப் பெரியது என்று 2018-இல் ஆய்வே வந்தது. சண்டையும் கடற்கொள்ளையும் வெடிவைத்து மீன் பிடிப்பவர்களும் அந்தக் கடலில் அவர்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், அல்லது முன்னோர் வழிபாட்டைத் தொடர்பவர்கள். கிறிஸ்துமஸுக்கு மேளம் தட்டுகிறார்கள்.

உறையைக் கையில் எடுத்த என்னிடம் அக்கா, "தாப்பாலா, விடு" என்றார்.

அந்தப் பெண் பாட்டை நிறுத்தினாள். "மலேசியா?" என்று கேட்டாள். நம் மலாய்தான், சபா வாடை அடித்தது. செம்போர்னா பக்கத்தில் ஒரு தீவில் பிறந்தாளாம். அப்பாவிடம் தாள் இல்லை, பிடித்துப் படகில் ஏற்றி அனுப்பினார்கள், குடும்பமும் பின்னால் போனது. பிறகு சம்போவாங்கா. அங்கே 2013 செப்டம்பரில் நடந்த சண்டையில் கடலோரக் குடிசைகள் எரிந்ததை நாம் செய்தியில் வாசித்தோம்; அதில் அவர்கள் வீடும் ஒன்று. "அக்கா இன்னும் செம்போர்னாவில் இருக்கிறாள். அவளுக்கும் ஐசி இல்லை" என்றாள். முழுதாக மூன்று நிமிடம்கூட இருக்காது. ஓட்டுநர் கத்த ஆரம்பித்ததும் உறைகளைச் சேகரித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். என் உறையில் நூறு பெசோ வைத்தேன். அக்கா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

செம்போர்னாவுக்கு முக்குளிக்கப் போகும் நம் இளைஞர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கும். படகுத்துறையில் சுற்றுவார்கள், சுற்றுலாப் படகுக்குப் பக்கத்தில் துடுப்புப் போட்டு வருவார்கள். 2024 ஜூனில் துன் சக்காரான் கடல் பூங்காப் பகுதியில் பஜாவ் லாவுட் வீடுகள் உடைக்கப்பட்டது இங்கே சில நாள் பேச்சாக இருந்தது. நான்கூட அதைச் செய்தியில் வாசித்தேன், அடுத்து விளம்பரம்.

22-ஆம் தேதி அடுக்கக வாசலில் சமூக நலத்துறையின் வேன் வந்தது. 2023 முதல் 'பாக்-அபோட்' என்ற திட்டத்தில் தெருவில் இருப்பவர்களை ஏற்றிச் சென்று, பதிவு செய்து, உதவியோடு சொந்த மாகாணத்துக்கு அனுப்புகிறார்கள். அதிகாரிகள் கெட்டவர்கள் இல்லை. வண்டிகளுக்கு நடுவில் கைக்குழந்தையோடு ஓடுவதை யார்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ஆனால் சொந்த மாகாணம் எது என்று கேட்டால் அந்த ஜீப்னிப் பெண் எதைச் சொல்வாள்? அன்று மாலை குழுவில் ஒருவர் கைகூப்பிய படம் போட்டு நன்றி தெரிவித்திருந்தார். டச்சுக்காரர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். 'பிச்சை போடாதீர்கள்' என்பதைவிட அந்த நன்றிதான் எனக்கு உறுத்தியது. நடைபாதை சுத்தமாகிவிட்டது, நிம்மதி என்கிற நன்றி அது.

நாம் இதில் உயர்ந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம் இருக்கிறது. 2014-இல் கோலாலம்பூர் நடுநகரில் இலவச உணவு வழங்குவதையே அந்தப் பகுதிக்கு வெளியே தள்ளப் பார்த்தார்கள்; எதிர்ப்பு வந்ததால் நின்றது. தைப்பூசத்தன்று பத்துமலையில் நாம் எத்தனை பேரைத் தாண்டிக்கொண்டு படியேறுகிறோம்.

ஊர் திரும்பிய வாரம் காலை நிகழ்ச்சியில் மணிலா கதையைச் சொல்லி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அழைப்புகள் குவிந்தன. காசு தரவே கூடாது என்றார் ஈப்போ அம்மா ஒருவர், கும்பல் வைத்து நடத்துகிறார்கள் என்று. சாப்பாடாகத் தரலாம் என்றனர் பலர். கடைசியாகத் தாவாவிலிருந்து ஒருவர், இணையம் வழி கேட்பவர், அங்கே ஆசிரியராம். பஜாவ் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேரப் பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் தன் வகுப்பில் ஒருவரும் இல்லை என்றார். பிறகு, "நீங்க அந்தப் பொண்ணு பேரு கேட்டீங்களா?" என்றார்.

கேட்டேன். சொன்னாள். ஜீப்னி இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. அதை அவரிடம் சொல்லும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். இன்னும் பத்து வினாடியில் ஏழு மணிச் செய்தி.