எடை பார்த்து ஏற்றும் ஹெலிகாப்டர்: ரீயூனியன் தீவுக்கு மேலே 45 நிமிடம்

முதலில் எடை பார்ப்பார்கள். டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்பதெல்லாம் அப்புறம். ரீயூனியன் தீவின் மேற்குக் கரையில் உள்ள ஹெலிகாப்டர் தளத்துக்குக் காலை ஏழு மணி வாக்கில் போய்ச் சேரும் குடும்பம், ஒருவர் பின் ஒருவராக எடை மெஷினில் ஏறி இறங்க வேண்டும். யார் முன்னால், யார் பின்னால், யார் நடுவில் என்பதை அந்த எண்கள்தான் முடிவு செய்கின்றன. ஹெலிகாப்டர் ஒரு பக்கம் சாயாமல் பறக்க வேண்டுமே! 'ஃப்ரன்ட் சீட் எனக்குத்தான்' என்று முந்தின நாள் ராத்திரியிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் வழக்கு ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இடுப்பில் மடித்துக் கட்டிய உயிர்காப்பு உடை, காதில் ஹெட்போன். பைலட்டோடு ஐந்தாறு பேர். தரையை விட்டு எழும்பும்போது குலுக்கல் எதுவும் இல்லை. லிஃப்ட் மேலே போவதுபோல அவ்வளவு மெதுவாக இருக்கும். அதனால் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடும். அந்தத் தைரியம் அடுத்த சில நிமிடங்களுக்குத்தான்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரிஷியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது ரீயூனியன். இந்தியப் பெருங்கடலில் இருந்தாலும் அது பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். செல்லுபடியாகும் காசு யூரோ. பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் 3,000 மீட்டரைத் தாண்டும் ஒரு சிகரமும், கிட்டத்தட்ட நம் தொட்டபெட்டா உயரமே உள்ள ஓர் உயிருள்ள எரிமலையும் இருக்கின்றன. தொட்டபெட்டா 2,637 மீட்டர்; எரிமலை 2,632 மீட்டர்.

தீவைச் சுற்றிக்காட்டும் 45 நிமிடப் பயணத்துக்கு ஓர் ஆளுக்கு 300 யூரோவைத் தாண்டிவிடும். நம் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய் வாக்கில். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். முக்கால் மணி நேரத்துக்கு இவ்வளவா என்று யாருக்கும் தோன்றும். காரை வாடகைக்கு எடுத்தால் தீவைச் சுற்றி வரக் கடலோரமாக நல்ல சாலை இருக்கிறது. இருந்தும், கையில் காசு இருக்கிறவர்கள் மட்டுமல்ல, மாதக்கணக்கில் சேர்த்து வைத்து வருகிறவர்களும் இந்த ஹெலிகாப்டரில் ஏறுகிறார்கள். காரணம், இந்தத் தீவின் நடுவயிற்றுக்குச் சாலை கிடையாது.

மேற்குக் கரையிலிருந்து மேலே போகப் போக, கீழே கரும்புத் தோட்டங்கள், பிறகு புல்வெளிகள், பிறகு காடு என்று நிலம் படிப்படியாக ஏறிக்கொண்டே வரும். ஹெலிகாப்டரும் அதோடு ஏறும். மரங்களின் உச்சி காலுக்குக் கீழே தொட்டுவிடும் தூரத்தில் ஓடும். மய்தோ என்ற மலைவிளிம்பை எட்டும்போது உயரம் ஏறத்தாழ 2,200 மீட்டர். விளிம்பைத் தாண்டிய அந்த நொடியில் நிலம் காணாமல் போய்விடுகிறது. செங்குத்தாக ஆயிரம் மீட்டருக்கு மேல் பள்ளம். ஹெலிகாப்டர் இருந்த உயரத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் வயிற்றுக்குள் ஏதோ கீழே விழும். பெரியவர்கள் பக்கத்து ஆளின் கையைப் பிடிப்பார்கள். பிள்ளைகள் கத்துவார்கள். ஹெட்போன் மாட்டியிருப்பதால் யாருக்கும் கேட்காது.

கீழே இருப்பது மஃபாத்.

தீவின் நடுவில் பழைய எரிமலை ஒன்று இருக்கிறது. பெயர் பிட்டன் தே நேஜ், பனிச் சிகரம் என்று பொருள். பல ஆயிரம் ஆண்டுகளாக அது உறங்குகிறது. அதன் பக்கங்கள் சரிந்தும் மழையில் அரிக்கப்பட்டும் மூன்று பிரம்மாண்டமான கிண்ணங்கள் உண்டாயின. சிலாவோஸ், சலாஸி, மஃபாத் என்று பெயர். முதல் இரண்டுக்கும் சாலை உண்டு. சிலாவோஸ் போகும் மலைப்பாதையில் 400 வளைவுகள் என்று சொல்வார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளையே எண்ணி முடிக்காமல் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. மூன்றாவதான மஃபாத்துக்கு நடந்து போகலாம். இல்லையென்றால் ஹெலிகாப்டர். வேறு வழி இல்லை.

அப்படி ஓர் இடத்தில் மனிதர்கள் ஏன் குடியேறினார்கள்? வழி இல்லை என்பதற்காகத்தான். பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து கடலோரத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். தப்பி ஓடியவர்கள் இந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி ஒளிந்துகொண்டார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்கவென்றே ஆட்கள் துப்பாக்கியோடு மலையேறினார்கள். மஃபாத் என்பதே அப்படி ஓடி வந்த ஒரு தலைவனின் பெயர் என்கிறார்கள். 1848 டிசம்பர் 20-ம் தேதி அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது தீவில் விடுதலை பெற்றவர்கள் 60,000-க்கும் மேல். அதன் பிறகு, நிலமிழந்த ஏழை வெள்ளையர்களும் இதே பள்ளத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காகத் தேடிக் கண்டுபிடித்த இடத்தைத்தான், இன்றைக்குக் காசு கொடுத்து மேலேயிருந்து எட்டிப் பார்க்கிறார்கள்.

மலைமுகடுகளுக்கு நடுவே மேஜைபோலச் சமமாகக் கிடக்கும் துண்டு நிலங்களில் சின்னச் சின்னக் குடியிருப்புகள் தெரியும். லா நுவேல், மார்லா, ஓரேர், ரோஷ் பிளாத். தகரக் கூரை, சோலார் பலகை, காய்கறிப் பாத்தி, கொடியில் காயும் துணி. மொத்தம் எண்ணூறு பேர் வரை வசிக்கிறார்கள். பள்ளிக்கூடம் உண்டு. மலையேறுகிறவர்கள் தங்க விடுதிகள் உண்டு. கேஸ் சிலிண்டர், சிமென்ட், அரிசி மூட்டை எல்லாம் ஹெலிகாப்டரின் அடியில் வலையில் தொங்கிக்கொண்டு வரும். குப்பையும் அப்படியே வெளியே போகும்.

சிலாவோஸ் பருப்புக்கும் பூத்தையலுக்கும் பெயர் போனது. அது இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். பனிச் சிகரத்தைச் சுற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் தென்கிழக்கே திரும்பினால், பச்சை நிறமே தீர்ந்துபோகும். செம்மண்ணும் கருஞ்சாம்பலும் பரவிய ஒரு மேட்டு நிலம். அதற்கு அப்பால், குதிரை லாட வடிவில் பெரிய மதில் சூழ்ந்த பள்ளத்துக்குள் நிற்கிறது பிட்டன் தெ லா ஃபூர்னேஸ். உலைச் சிகரம் என்று தமிழில் சொல்லலாம். உலகத்தில் மிக அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் இது ஒன்று. ஓராண்டில் ஒரு முறையாவது பொங்காமல் விடுவது அபூர்வம்.

ஆனாலும் இங்கே மக்கள் எரிமலை என்றதும் ஓடுவதில்லை. பொங்குகிறது என்று செய்தி வந்தால், ராத்திரியில் போர்வையும் சாப்பாட்டுப் பாத்திரமும் எடுத்துக்கொண்டு பார்க்கக் கிளம்புகிறார்கள். குழம்பு நீர்த்துப்போய் இருப்பதால் பெரும்பாலும் வெடித்துச் சிதறாமல் வழிந்து ஓடும். அதுவும் ஆள் வசிக்காத அந்த மதிலுக்குள்ளேயே. எல்லா முறையும் அப்படி இல்லை. 1977-ல் குழம்பு மதிலுக்கு வெளியே கிளம்பிக் கிழக்குக் கரையில் பிட்டன் செந்த் ரோஸ் என்ற ஊருக்குள் புகுந்தது. வீடுகளை எரித்துக்கொண்டு வந்தது, தேவாலயத்தின் முன்னால் இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய்விட்டது. வாசல் வரை வந்து உறைந்த கறுப்புக் கல் இன்றும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகுதான், 1979-ல், எரிமலையைக் கண்காணிக்க ஆய்வு நிலையம் அமைத்தார்கள்.

2007 ஏப்ரலில் நடந்தது இன்னும் பெரிது. கீழே பக்கவாட்டில் வெடித்த பிளவு வழியாகக் குழம்பு கடலுக்குக் கொட்ட, உள்ளே காலியான சிகரம் தாங்காமல் உச்சிப் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் சரிந்து உள்ளே போனது. ஹெலிகாப்டரிலிருந்து பார்க்கும்போது அந்தக் குழியின் சுவரில் அடுக்கடுக்காகப் பழைய குழம்புகள் தெரியும், வெட்டிய பரோட்டாவின் அடுக்குபோல. சில இடங்களில் ஆவி எழும். கடல் பக்கம் பார்த்தால், அகலமான கறுப்புப் பட்டைகள் சரிவில் இறங்கிச் சாலையைக் கடந்து அலைக்குள் முடிகின்றன. அங்கே தீவு கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

இந்த உலைக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பூமிக்கு அடியில் இந்த எரிமலையை எரிய வைக்கும் அதே அடுப்புதான், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணப் பீடபூமியின் கருங்கல்லை உருக்கி ஊற்றியது என்கிறார்கள் புவியியலாளர்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலைக் குடைந்த பாறை அது. இந்தியா வடக்கே நகர்ந்து போய்விட்டது. போகிற வழியில் லட்சத்தீவு, மாலத்தீவுகளின் அடித்தளத்தைப் புள்ளி வைத்ததுபோல விட்டுப்போனது. அடுப்பு மட்டும் இன்னும் அணையவில்லை.

எரிமலையைத் தாண்டி வடகிழக்கே போனதும் மறுபடி பச்சை. இந்தப் பக்கம் கொட்டுகிற மழைக்கு அளவே இல்லை. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது, ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. உலக சாதனை அது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்வதே சராசரியாக 1,400 மில்லிமீட்டர் வாக்கில்தான். அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போகும்? மலையை அறுத்துக்கொண்டு போகும். த்ரூ தெ ஃபேர் என்ற கிணறுபோன்ற பள்ளத்தில், நாலா பக்கமும் காட்டிலிருந்து அருவிகள் கொட்டுகின்றன. பைலட் ஹெலிகாப்டரைச் சாய்த்து அந்தப் பாறைச் சுவர்களுக்கு நடுவே கொண்டுபோய் மெல்லத் திருப்பும்போது, கண்ணாடி முழுக்க அருவி. பணம் கொடுத்தது இதற்குத்தான் என்று பலரும் முடிவுகட்டும் இடம் இது. தலைசுற்றல் உள்ளவர்கள் முடிவுகட்டும் இடமும் இதுதான். காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கக் கூடாது.

சலாஸியின் சரிவுகளில் ஒரு கொடி மலையையே போர்த்தியிருக்கும். அந்த ஊரில் அதற்கு ஷூஷூ என்று பேர். வேறொன்றும் இல்லை, நம் கூட்டுக்கும் சாம்பாருக்கும் போடுகிற சௌசௌ! காயை மட்டுமல்ல, கொழுந்தையும் கீரையாக வதக்கிச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள்.

சௌசௌ மட்டுமா? கீழே கிழக்குக் கரையில் கரும்பு வயல்களை ஒட்டி இருக்கும் ஊர்களில் கோபுரங்கள் உண்டு. அடிமை முறை ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் தேடியவர்கள், புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று பேசுவது கிரியோலும் பிரெஞ்சும். பெயர்கள் மட்டும் ராமசாமி, முத்துசாமி என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நிற்கின்றன. தீமிதியும் நிற்கவில்லை. ஹெலிகாப்டரின் உயரத்திலிருந்து இதில் எதுவும் தெரியாது. கரும்பு வயல் வெறும் பச்சைப் பாய்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறிக் கிண்ணங்களை மூடிவிடும். முதல் பயணங்களில் ஒன்றைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். வானிலை சரியில்லை என்றால் ரத்து செய்துவிடுவார்கள். அதனால் ஊர் திரும்பும் நாளுக்கு முந்தின நாள் பதிவு செய்யாமல், வந்த முதல் இரண்டு நாட்களுக்குள் வைத்துக்கொண்டால் மறு வாய்ப்பு கிடைக்கும். வெளிர்நிற உடை வேண்டாம், படம் எடுக்கும்போது கண்ணாடியில் பிரதிபலிக்கும். எல்லாவற்றையும் செல்போன் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தால் 45 நிமிடம் ஓடியே போய்விடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்யலாம், முடிந்தால். மறுநாள் மஃபாத்துக்கு நடந்து போவது. சலாஸி பக்கம் கோல் தே பஃப் என்ற கணவாய் வரை கார் போகும். அங்கிருந்து லா நுவேலுக்கு இரண்டு மணி நேர நடை. இறக்கமும் ஏற்றமுமாக, மரக்கட்டைப் படிகளும் சேறுமாக இருக்கும். முதல் நாள் மேலேயிருந்து அரை நிமிடத்தில் தாண்டிய தூரத்துக்கு முட்டி வலி கண்டுவிடும். போய்ச் சேர்ந்தால் ஏதாவது ஒரு விடுதித் திண்ணையில் சோறு, பயறு, ஷூஷூக் கீரை, காரமான தக்காளித் துவையல் கிடைக்கும். அந்தத் துவையலுக்கு அரைத்த மிளகாயும் சோற்றுக்கு வடித்த அரிசியும் எப்படி வந்தன என்பது, வாசலில் மடித்து வைத்திருக்கும் சரக்கு வலையைப் பார்த்தாலே தெரியும்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மலைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கிளம்பும். ஒன்று போனால் இன்னொன்று. நல்ல வெயில் நாளில் காலை முழுக்க இதுதான். சத்தம் தாங்கவில்லை என்று இங்கே உள்ளவர்கள் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நோயாளியைத் தூக்கிப் போவதும் இதே மாதிரி ஒரு ஹெலிகாப்டர்தான் என்பதால், வேண்டவே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பரிமாறிக்கொண்டிருக்கும் அம்மா பேச்சைப் பாதியில் நிறுத்துவார். அண்ணாந்து பார்க்க மாட்டார். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் கடந்து, கண்ணாடிக்குப் பின்னால் கையசைக்கும் யாரோ ஒருவரோடு மய்தோ விளிம்புக்கு அப்பால் மறையும். சத்தம் அடங்கிய பிறகு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார்; இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்பார்.