ராஜபாளையத்தில் பறந்த கூரை

ராஜபாளையம் ஸ்டேஷனில் வெளியூர்க்காரன் எவன் இறங்கினாலும், அவன் நாய்க்குட்டி வாங்க வந்தவனோ என்ற சந்தேகம் ஊராருக்கு உண்டாகிவிடுகிறது. வெள்ளைவெளேரென்ற அந்த ஜாதி நாய்க்கு அவ்வளவு கீர்த்தி. ஏழு மைலுக்கு அப்பால் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அங்கே போகிறவன் ஆண்டாளைச் சேவிக்கப் போனாலும், கோர்ட்டு வழக்குக்காகப் போனாலும், திரும்பும்போது கையில் பால்கோவாப் பொட்டலம் இருக்கும். நான் இவ்விரண்டு ஊர்களுக்கும் சென்ற வைகாசியில் பிரயாணம் செய்தது வேறொரு காரியத்துக்காக. என் தமக்கையின் வீட்டுக் கூரை பறந்துபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. புதுக் கூரை எப்படிப் போடுவது என்பதில் புருஷனுக்கும் மனைவிக்கும் ஏற்பட்டிருந்த தகராறைத் தீர்த்து வைக்கும்படி எனக்குக் கடிதம் வந்திருந்தது.

ஊரின் மேற்கே மலை சுவர் வைத்தாற்போல் நிற்கிறது. சஞ்சீவி மலை ஒன்று மட்டும் தனியாக விலகி வந்து ஊரை எட்டிப் பார்க்கிறது. மலையடிவாரத்தில் மாந்தோப்புகள், இப்பால் பஞ்சாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற தறிகள். 1949 முதல் 1952 வரையில் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா இவ்வூர்க்காரர். தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர். வீட்டைப்பற்றிப் பேச வந்த எனக்கு அந்த மன்றத்தின் வாசலைக் கடக்கும்போது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

நடந்தது இதுதான். சித்திரை மாதத்து மாலை வேளை. பகலெல்லாம் நெருப்பாகக் காய்ந்தது. நான்கு மணிக்கு மலைமேல் மேகம் கறுத்தது. மழை வரப்போகிறதென்று அக்காள் மாடியில் உலர்ந்த துணிகளை எடுக்கப் போனாள். மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. இரண்டு பெண்களும் அங்கேதான் படிப்பதும் படுப்பதும். திடீரென்று ஜில்லென்ற காற்று ஒரே வேகத்தில் வந்து மோதிற்று. "கூரை பறக்கவில்லை, தம்பி! யாரோ கையால் பெயர்த்து எடுத்தமாதிரி எழும்பிற்று" என்றாள் அக்காள். நான்கு தகரங்கள் சட்டத்தோடு கிளம்பிச் சந்துக்குள் விழுந்தன. பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியின் கால் முறிந்தது. அதே சந்தில்தான் தெருக் குழந்தைகள் தினந்தோறும் பாண்டி விளையாடும். அன்று மழை மேகத்தைப் பார்த்துத் தாய்மார்கள் உள்ளே அழைத்துக்கொண்டுவிட்டார்கள். அதைச் சொல்லும்போது இப்போதும் அக்காளுக்குக் குரல் நடுங்குகிறது.

தோப்புக்காரர்களுக்கோ இது வருஷந்தோறும் வருகிற விருந்தாளி. வாழை சாயும், முற்றாத மாங்காய் உதிரும்.

"சூறாவளி ஐயா, சூறாவளி!" என்றார் அத்தான். "சூறாவளிக்கு எதிரே மனிதன் என்ன கட்டி என்ன?" இது அவருடைய கட்சி. கான்கிரீட் தளம் போட்டாலொழிய அந்த அறையில் பெண்கள் படுக்கக் கூடாது என்பது அக்காளின் கட்சி. தளம் போடும் பணமோ, மூத்த பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்காகச் சேர்த்து வைத்த பணம்.

இங்கே பெயரைப்பற்றி ஒரு வார்த்தை. கடலில் பிறந்து நூற்றுக்கணக்கான மைல் அகலத்துக்குச் சுழன்று வருகிற புயலையும், மேகத்திலிருந்து யானைத் துதிக்கை போலத் தொங்கி நிலத்தைத் துழாவுகிற சுழல் காற்றையும், கோடை இடிமேகம் கக்குகிற காற்றையும் நாம் ஒரே வாயால் சூறாவளி என்று சொல்லிவிடுகிறோம். இவை மூன்றும் வேறு வேறு. கோடைக் காற்றில், மேகத்துக்குள் மழையால் குளிர்ந்து கனத்த காற்று கீழே விழுந்து, தரையில் மோதி, நாலா பக்கமும் சிதறுகிறது. ஜப்பானில் பிறந்து சிக்காகோ சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்த பூஜிட்டா என்ற மேதை, சாய்ந்து கிடந்த மரங்களை ஆகாய விமானத்திலிருந்து பார்த்தே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார். சுழல் காற்றில் மரங்கள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். இதில் நடுவிலிருந்து வெளிப்புறமாக விரிந்து கிடக்கும். சுழல் காற்றின் வேகத்துக்கு 1971-ல் படிக்கட்டு வகுத்தவரும் அவரே.

துதிக்கைக் காற்று நம் தேசத்துக்கு வராததல்ல. 1998 மார்ச்சு 24-ந் தேதி வங்காள-ஒரிஸ்ஸா எல்லையில் தாந்தன் பக்கத்துக் கிராமங்களை அது வாரிக்கொண்டு போயிற்று; நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1989 ஏப்ரல் 26-ந் தேதி வங்காள தேசத்தில் சாட்டூரியா ஊரை அழித்த சுழலில் ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள். உலகத்திலேயே அதிக உயிர்களைக் குடித்த சுழல் காற்று அதுதான் என்கிறார்கள். அமெரிக்காவில் நம்முடையதைவிடப் பன்மடங்கு அதிகமாக அடித்தும் அத்தனை உயிர்கள் ஒரே நாளில் போனதில்லை. முன்னெச்சரிக்கை அதற்கு ஒரு காரணம். வீடு இன்னொரு காரணம். அத்தானும் நானும் பேச வேண்டியிருந்தது இந்த வீட்டைப்பற்றித்தான்.

மறுநாள் கொத்தனார் வந்தார். வயது எழுபது இருக்கும். நான் ஒரு தாளைக் கிழித்து, உதட்டருகே பிடித்து, அதன் மேற்பக்கமாக ஊதிக் காட்டினேன். தொங்கிய தாள் எழும்பிற்று. "கூரையும் இப்படித்தான். காற்று மேலே ஓடும்போது கூரையை உறிஞ்சுகிறது" என்றேன்.

கொத்தனார் சிரித்தார். "மேலே உறிஞ்சுகிறது இருக்கட்டும், ஐயா. அம்மா அன்றைக்கு மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்களா, இல்லையா? உள்ளே புகுந்த காற்று எங்கே போகும்? கூரையைத்தான் முட்டும்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. சுழல் வரும்போது ஜன்னல்களைத் திறந்து வைத்தால் வீடு பிழைக்கும் என்று அமெரிக்காவில் பல காலம் நம்பினார்கள். பிறகு அது விபரீதம் என்று தெரிந்தது.

கணக்குப் போட்டோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, ஒரு சதுர மீட்டர் கூரையை ஏறக்குறைய 50 கிலோ பலத்தோடு தூக்கக்கூடும். தகரத்தின் எடை சுமார் ஐந்து கிலோ. சீமை ஓடு நாற்பது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் முந்நூறு. காற்றின் வேகம் இரட்டித்தால் பலம் நாலு மடங்காகும். 320 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் உச்சச் சுழலில் அந்த 50 கிலோ 500 ஆகிவிடும். தளம்கூட எடையை மட்டும் நம்பி இருக்க முடியாது. அத்தான் முகத்தில் வெற்றிப் புன்னகை தோன்றிற்று.

ஆனால் அப்படிப்பட்ட உச்சச் சுழல் வெகு அபூர்வம். சுழல்களில் பெரும்பாலானவை 180 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. கோடைக் காற்றோ அநேகமாக அதற்கும் கீழே. மதுரையில் வீடு கட்டுவோருக்கு இந்தியத் தர நிர்ணயச் சட்டம் விதித்துள்ள அடிப்படை வேகமே மணிக்கு 140 கிலோமீட்டர். ஆகவே கூரை கனமாக இருக்க வேண்டுமென்பதில்லை. கட்டுண்டு இருக்க வேண்டும். தகரம் சட்டத்தோடும், சட்டம் சுவரோடும், சுவர் அஸ்திவாரத்தோடும் இரும்பால் பிணைந்திருக்க வேண்டும். அக்காள் வீட்டில் சட்டம் சுவரின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது!

மாலையில் இளைய பெண்ணை அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பதினொரு நிலைக் கோபுரம், 190 அடிக்கு மேல், மேற்கு மலையைப் பார்த்துச் சளைக்காமல் நிற்கிறது. தமிழ்நாட்டு அரசாங்க முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமே என்பது இவ்வூராரின் உறுதி. மதுரைக்காரர்களுக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லத் தயாரில்லை. "மாமா, இது மட்டும் ஏன் பறக்கவில்லை?" என்று பெண் கேட்டாள். அடியில் கல், மேலே செங்கல். மேலே போகப் போகக் குறுகுகிறது. காற்று கையை வைத்துத் தூக்குவதற்கு ஓர் இறவாரம் கிடையாது என்றேன். "நாம் கோபுரத்திலா படுத்துக்கொள்ள முடியும்?" என்றாள். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

விடை வேறிடத்தில் இருந்தது. 1970 மே 11-ந் தேதி அமெரிக்காவில் லப்பக் நகரத்தைச் சுழல் சிதைத்தபின், அவ்வூர்ச் சர்வகலாசாலையார் இடிபாடுகளை வீடு வீடாக ஆராய்ந்தார்கள். வீடு முழுவதும் போய், நடுவிலுள்ள சிற்றறை மட்டும் நிற்பதைப் பல இடங்களில் கண்டார்கள். வீடு முழுவதையும் கோட்டையாக்கச் செல்வந்தனாலும் ஆகாது. ஒரு சிறு அறையைக் கான்கிரீட்டால் கோட்டையாக்கிக் கொள்ளலாம் என்ற யோசனை அதிலிருந்து பிறந்தது. அக்காள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடியில் அரிசி மூட்டை வைக்கும் அறை ஒன்று உண்டு. மேலே கான்கிரீட் படி, ஜன்னல் இல்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பின் பஞ்சாயத்து கூடிற்று. தளம் வேண்டாம். மாடிச் சுவரின் தலையில் கம்பி வைத்துச் சுற்றிலும் சிமெண்டு பெல்ட். அதில் இரும்புப் பட்டை புதைத்துச் சட்டத்தை இறுக்குவது. தகரத்துக்கு ஆணிக்குப் பதில் வளைந்த போல்ட், உறிஞ்சல் அதிகமான ஓரங்களிலும் மூலைகளிலும் நெருக்கமாக. வெளியே நீட்டியிருந்த இரண்டடி இறவாரத்தைப் பாதியாகக் குறைப்பது. மேற்கு ஜன்னலுக்கு உறுதியான தாழ்ப்பாள். கொத்தனார் சொன்ன தொகை, தளத்தின் செலவில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. கல்லூரிச் சம்பளம் பிழைத்தது.

"மேகம் கறுத்தால் பெண்கள் கீழே வந்துவிட வேண்டும்" என்றாள் அக்காள்.

"அரிசி மூட்டை?" என்றார் அத்தான்.

"அது மாடியில் படுத்துக்கொள்ளட்டும்!"

பொழுது விடிந்ததும் நான் ரயிலுக்குக் கிளம்பினேன். வாசலில் கொத்தனார் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கன்று, சற்றே நொண்டியபடி, அந்த ஏணியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.