வில்லா எடுக்க முதல் படிகளை எண்ணுங்கோ

சான்டோரினியிலிருந்து திரும்பி வரும்போது பிளேனில் மகள் கேட்டாள்: "அம்மா, அம்மம்மா ஏன் ஒருநாளும் கடலுக்கு வரேல்ல?"

அவளுக்கு அப்போது எட்டு வயது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஏழு நாள், கடலுக்கு நேர் மேலே ஒரு வில்லா, எங்கள் வாழ்க்கையிலேயே ஆகக் கூடச் செலவழித்த விடுமுறை. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காகத்தான் அந்தப் பயணமே. பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்த அம்மா அந்த ஏழு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தா. ஒரு தடவை கூடக் கால் நனைக்கவில்லை.

இதை வாசிக்கும் பலருக்கும் எங்கள் வீட்டு நிலைமைதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மறுபக்கம் முழங்கால் நோவோடு அம்மா அப்பா, நடுவில் நாங்கள். லண்டனில் எங்கள் குடும்பம், சூரிச்சில் அக்கா குடும்பம், எல்லாமாகப் பத்துப் பேர். ஹோட்டலில் ஐந்து அறை எடுத்தால் ஆளுக்கொரு மாடியில் சிதறிப்போவோம். இரவு பிள்ளைகள் படுத்த பிறகு அம்மாவோடு இருந்து கதைக்க ஒரு இடம் இருக்காது. அதனால்தான் வில்லா என்ற யோசனை வந்தது. யோசனையில் பிழை இல்லை. நாங்கள் தெரிவு செய்த விதத்தில்தான் பிழை.

அக்காவும் நானும் ஒரு இரவு போனில் கதைத்தபடியே படங்களைப் பார்த்துத் தெரிவு செய்தோம். வெள்ளைச் சுவர், நீலக் கடல், விளிம்பே தெரியாமல் கடலோடு சேர்ந்துவிடுகிற பூல். "இதுதான்" என்றா அக்கா. பத்து நிமிடத்தில் காசு கட்டிவிட்டோம். அந்த விளம்பரத்தில் 'படி' என்ற சொல்லே இல்லை.

போய் இறங்கிய பிறகுதான் இடம் விளங்கியது. சான்டோரினி ஒரு எரிமலையின் மிச்சம். சுமார் 3,600 வருடங்களுக்கு முன் வெடித்து, நடுப்பகுதி உள்ளே இடிந்து, கடல் புகுந்துவிட்டது. மிஞ்சிய செங்குத்துப் பாறையின் விளிம்பில்தான் ஃபிரா, இமெரோவிக்லி, இயா எல்லாம் இருக்கின்றன. சில இடங்களில் கடலிலிருந்து 300 மீட்டர் உயரம். எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து கட்டிய குகை வீடுகளில் முன்பு கப்பல் தொழிலாளரும் ஏழைகளும் இருந்தார்களாம், கப்பல் முதலாளிகளின் மாளிகைகள் மேலே. இன்றைக்கு ஆகக் கூடிய வாடகை அந்தக் குகை வீடுகளுக்குத்தான்.

கார் நிற்கும் தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கு 92 படி. ஒரே உயரத்தில் இல்லாத, வழுவழுப்பான, கைபிடி இல்லாத படிகள். முதல் நாள் இவரும் அத்தானும் இரண்டு பக்கமும் பிடித்து அம்மாவை இறக்கினார்கள். அதன் பிறகு அம்மா மேலே ஏறியது கடைசி நாள்தான். ஒவ்வொரு விடியவும் நாங்கள் வெளிக்கிட, "எனக்கு இங்கயே நல்லாயிருக்கு பிள்ளை, நீங்கள் போயிட்டு வாங்கோ" என்பா. நாங்களும் அதை நம்பினோம். நம்புவது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

முதலில் தீவு, பிறகு வீடு

மறுபடி ஒருமுறை சரியாகப் போவோம் என்று முடிவெடுத்தபோது நாங்கள் வில்லாப் படங்களையே பார்க்கவில்லை. முதலில் எந்தத் தீவு என்று பார்த்தோம். கிரேக்கத்தில் ஆட்கள் வாழும் தீவுகள் மட்டும் 200க்கு மேல். ஒன்று போல மற்றது இல்லை.

சான்டோரினிதான் வேண்டுமென்றால் விளிம்புப் பக்கத்தை விட்டுவிட்டுக் கிழக்குப் பக்கம் பாருங்கள். கமாரி, பெரிசா இரண்டும் தட்டையான இடம். கருமணல் கடற்கரைக்கு நடந்தே போகலாம். சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு பின்னேரம் காரில் இயாவுக்குப் போய் வந்தால் போதும்.

மைக்கனோஸ், பாரோஸ், நக்சோஸ் என்று ஈஜியன் கடலின் நடுவில் உள்ள தீவுகளில் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் 'மெல்டெமி' என்ற வடகாற்று வீசும். சில நாட்களில் மேசையில் கோப்பை நிற்காது. அதனால் பூலும் சாப்பிடும் இடமும் எந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கின்றன, காற்றுக்கு மறைப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நக்சோஸின் மேற்குக் கரை பிள்ளைகளுக்கு நல்லது, நீண்ட மணல் கடற்கரை. ஆனால் லண்டனிலிருந்து நேரடியாகப் பறக்க முடியாது. ஏதென்ஸ் போய் சின்ன விமானமோ கப்பலோ பிடிக்க வேண்டும். எழுபது வயதுக்காரரோடு அது ஒரு முழு நாள் வேலை.

கிரீட் ஆகப் பெரிய தீவு, நீளம் 260 கிலோமீட்டர். "கிரீட்டில் வில்லா எடுத்திருக்கிறோம்" என்றால் மட்டும் போதாது, எந்த முனையில் என்று பார்க்க வேண்டும். சானியாவில் தங்கி, படத்தில் பார்த்த எலஃபோனிசிக் கடற்கரைக்குப் போக, வளைந்து வளைந்து ஒன்றரை மணித்தியாலக் கார் ஓட்டம். பின் சீற்றில் சத்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் உங்களுக்கே விளங்கும்.

மேற்கே அயோனியன் கடலில் கோர்ஃபு, லெஃப்காடா, கெஃபலோனியா. மாரியில் நல்ல மழை பெய்வதால் பச்சைப் பசேலென்று இருக்கும். மெல்டெமியின் வேகம் இங்கே இல்லை. கோர்ஃபு, கிரீட் போன்ற பெரிய தீவுகளில் பொது மருத்துவமனை உண்டு. சின்னத் தீவுகளில் பெரும்பாலும் சுகாதார நிலையம் மட்டும்தான். அம்மாவின் பிரஷர் மாத்திரைப் பெட்டியைப் பார்த்த பிறகு நாங்கள் கோர்ஃபு என்று முடிவெடுத்தோம்.

அம்மாவைக் கேட்ட விதம்

இந்த முறை அம்மாவிடமும் கேட்டோம். ஆனால் "இது பரவாயில்லையா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் எங்கட அம்மாக்கள் சொல்வார்கள். அது பதில் இல்லை. அதனால் இவர் வேறு மாதிரிக் கேட்டார்: "மாமி, மேல நிண்டு கடலைப் பார்க்கிற வீடா, இல்ல வெளிய போனா கடல் காலுக்குக் கிட்ட வாற வீடா? ஒண்டைத்தான் சொல்லலாம்." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காலுக்குக் கிட்ட" என்றா.

ஐந்து வில்லாக்காரர்களுக்கு ஒரே கேள்விகளை எழுதி அனுப்பினோம். நீங்களும் அப்படியே அனுப்பலாம்:

கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி? வாசலிலிருந்து பூலுக்கு எத்தனை? கைபிடி உண்டா?

கீழ்த்தட்டில் ஒரு படுக்கையறையும் அதோடு சேர்ந்த குளியலறையும் உண்டா? குளிக்க பாத்ரப்புக்குள் ஏறி இறங்க வேண்டுமா?

பூல் எவ்வளவு ஆழம்? சுற்றிவர வேலியோ, பூட்டக்கூடிய கதவோ உண்டா? (விளிம்பில்லாத பூலில் பெரும்பாலும் வேலி இருக்காது. நான்கு வயதுக்காரன் உள்ள வீட்டுக்கு அது பெரிய விசயம்.)

ஏசி எல்லா அறையிலும் உண்டா, அல்லது ஹோலில் மட்டுமா?

கடற்கரை 400 மீட்டர் என்றால் அது வரைபடத்தில் நேர்கோடா, நடக்கிற தெருவா? தெருவில் நடைபாதை இருக்கிறதா?

கடைசியாக, தெருவிலிருந்து கட்டில்வரை நடந்தபடி போனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா?

இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் "சில படிகள்தான்" என்று எழுதினார். வீடியோவில் எண்ணினால் 31. நாலாவது வீடு தட்டைதான், பூலுக்கு வேலி இல்லை. ஐந்தாவது வீட்டுக்காரப் பெண் தன் தாயாரையே தடியோடு நடக்கவிட்டு வீடியோ எடுத்து அனுப்பியிருந்தா. அந்த வீட்டில் பூல் சின்னது, படங்களும் சுமார். அதைத்தான் எடுத்தோம்.

காசு கட்டமுதல் பார்க்க வேண்டிய இன்னும் இரண்டு விசயம். கிரேக்கத்தில் குறுகிய கால வாடகைக்கு விடும் வீட்டுக்குப் பதிவு இலக்கம் இருக்க வேண்டும், அது விளம்பரத்திலும் போடப்பட வேண்டும். இலக்கம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அடுத்தது, அரசாங்கத்தின் காலநிலைக் கட்டணம். 2025 கணக்கின்படி, 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனி வீட்டுக்கு ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை ஒரு இரவுக்கு 15 யூரோ. வாடகையில் இது சேர்ந்திருக்காவிட்டால், பத்து நாளுக்கு 150 யூரோ தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

குசினி யாருக்கு?

சான்டோரினியில் இன்னொரு பிழையும் விட்டோம். வெளியே போக முடியாத அம்மா என்ன செய்தா? சமைத்தா. விடிய ஐந்து மணிக்கு எழும்பி ரொட்டி, பின்னேரம் நாங்கள் வர வடை, இரவுக்குச் சோறும் மூன்று கறியும். நாங்களும் வெயிலில் களைத்து வந்து "அம்மாட கை ருசி" என்று சாப்பிட்டோம். இவர்தான் பிறகு ஒருநாள் சொன்னார்: "நாங்கள் மாமியை ஹொலிடேக்குக் கூட்டிக்கொண்டு போகேல்ல. மாமிட குசினியைத்தான் கிரீசுக்குக் கொண்டு போனம்."

பெரிய குசினி உள்ள வில்லா என்றால் எங்கட வீடுகளில் அது யார் தலையில் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் இந்த முறை போகமுதலே அட்டவணை போட்டோம். விடியச் சாப்பாடு ஆண்கள். மூன்று இரவு தவேர்னாவில். ஒரு இரவு வீட்டுக்காரப் பெண் ஒழுங்கு செய்த சமையற்காரி வந்து சமைப்பா. மற்ற நாட்கள் அக்காவும் நானும், பிள்ளைகள் பாத்திரம் கழுவ வேண்டும். அம்மா அட்டவணையைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு நாள் விடுங்கோ. அதுக்கு மேல கேக்காதேங்கோ" என்றா.

சைவச் சாப்பாடு பற்றிப் பயந்தோம். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் அம்மா மச்சம் தொடமாட்டா, அது எப்போதும் எங்கள் பள்ளிக்கூட விடுமுறையோடுதான் வரும். ஆனால் ஓகஸ்ட் 1 முதல் 14 வரை கிரேக்கர்களுக்கும் விரதம். 15ஆம் திகதி மாதா பெருநாள், அதற்கு முந்திய இரண்டு வாரம் விரதகாரர் இறைச்சி, முட்டை, பால் எடுப்பதில்லை. 'நிஸ்டிசிமோ' என்று கேட்டால் விரதச் சாப்பாடு என்று அவர்களுக்கு விளங்கும். ஒரு கவனம்: கணவாய், இறால் அவர்களுடைய விரதத்தில் சேர்த்தி, ஆகவே அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சோறு அடைத்துச் சுட்ட தக்காளி, பெரிய வெள்ளை அவரை, ஒலிவ் எண்ணெய் விட்ட கீரை. மஞ்சள் நிறத்தில் மசித்து வந்த ஃபாவாவை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது பருப்புத்தானே, உள்ளியும் செத்தல் மிளகாயும் தாளிச்சா சரி" என்றா அம்மா.

சின்னச் சின்ன விசயங்களும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ரொயிலெற் பேப்பரைக் குழிக்குள் போடாமல் பக்கத்து வாளியில் போட வேண்டும். கோடையில் பின்னேரம் 3 மணியிலிருந்து 5.30 வரை ஓய்வு நேரம், அயலவருக்குச் சத்தம் கேட்கக்கூடாது. இத்தனை பிள்ளைகள் என்றால் இதுதான் ஆகக் கஷ்டம்.

வடக்குப் பார்த்த கடல்

நாங்கள் எடுத்த வீடு கோர்ஃபுவின் வடகரையில், அகராவி என்ற ஊரில். விமான நிலையத்திலிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அதே தீவின் வடகிழக்குப் பக்கம் இதைவிட வடிவு. லோரன்ஸ் டரல் இருந்த கலாமி அங்கேதான். ஆனால் அங்கே வில்லாக்கள் சரிவில், கடற்கரை முழுக்கக் கூழாங்கல். அகராவி தட்டை. கடல் ஆழம் குறைவு, கொஞ்சத் தூரம் நடந்தே போகலாம். வீட்டைச் சுற்றிப் பழைய ஒலிவ் மரங்கள். வெனிஸ்காரர் நாலு நூற்றாண்டு ஆண்ட தீவு இது. ஒலிவ் நட்டவர்களுக்கு அவர்கள் காசு கொடுத்தார்களாம், இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் ஒலிவ்தான்.

இரண்டாம் நாள் பின்னேரம் அம்மா தடியை என்னிடம் தந்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்தபடி தண்ணீருக்குள் போனா. முழங்கால் அளவுக்குப் போய் நின்றுவிட்டா. நெடுநேரம் அசையவில்லை. நோகிறதோ என்று பயந்து கிட்டப் போனேன்.

"அங்கால தெரியிற மலை எந்த நாடு?"

"அல்பேனியா, அம்மா."

"எங்கட கடலும் வடக்குப் பாத்ததுதான். ஆனா அங்கால ஒண்டும் தெரியாது, வெறும் தண்ணிதான்." பிறகு மகளைப் பார்த்து, "நான் உன்னை விடச் சின்னனா இருக்கேக்க எங்கட ஐயா இப்பிடித்தான் என்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்" என்றா.

அந்தக் கதையை நானே அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். மகள் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள், அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தா. நான் தடியைப் பிடித்தபடி கரையில் நின்றேன். இருட்டும்வரை இரண்டு பேரும் வெளியே வரவில்லை.